ஆறு முழ வால்

வெல்வெட் துணி ஈர மணலில் இழுபடும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். வலை இழுக்கும் சத்தம் வேறு, படகைத் தள்ளும் சத்தம் வேறு. கோவளம் கரையில் அந்த மூன்றாவது சத்தத்தை எழுப்பிய ஒரே ஆள் நான்தான் என்று இன்றைக்கும் கொஞ்சம் திமிரோடு சொல்லிக்கொள்வேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. என் தோளில் தொடங்கி, எனக்குப் பின்னால் ஆறு முழத்துக்கு நீண்டு கிடந்தது ஒரு மெரூன் வால்.

அந்தத் துணி ஒரு ரிசார்ட்டின் ஜன்னல் திரை. அங்கே அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்த என் சித்தி, வெளுத்துப்போனது என்று ரிசார்ட்டில் தூக்கி எறிந்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கருஞ்சிவப்பு, வெயில் பட்ட இடமெல்லாம் செங்கல் நிறம், மேல் ஓரத்தில் பித்தளை வளையங்கள். பார்த்த நிமிடமே அதைத் தோளில் போர்த்திக்கொண்டு தெருவில் ஒரு நடை நடந்தேன். மணல், பீடித் துண்டு, நண்டு ஓடு, வேப்பிலைச் சருகு என்று எல்லாம் என் குடிமக்களைப் போலப் பின்னாலேயே வந்தன.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாத்துக்குடி இது? நனைஞ்சா நாலு நாளு காயாது. இத்த மாட்டிக்கினு ஒரு கொடம் தண்ணி தூக்க முடியுமா?"

முடியாதுதான். யார் இல்லை என்றார்கள்? அதனால்தானே அது வேண்டியிருந்தது! எங்கள் வீட்டில் துணி என்றால் வேலை செய்ய வேண்டும். கிழிந்த புடவை தூளியாகும், தூளி கரித்துணியாகும், கரித்துணி படகின் எண்ணெய் துடைக்கப் போகும். சும்மா அழகாக இருப்பதற்கென்று ஒரு முழத் துணிகூட அங்கே இருந்ததில்லை. 'இது எதுக்கு உதவும்?' என்ற கேள்வியையும் எங்களைப் போன்றவர்களிடம்தான் கேட்கிறார்கள். சித்திரை வெயிலில் கோட்டு சூட்டு போட்டு வியர்வை வழிய நிற்கும் மாப்பிள்ளையிடம் யாராவது கேட்டதுண்டா? பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கிக்குள் வேகிறவர்களிடம் கேட்டதுண்டா? நன்றாக இருக்கிறது நியாயம்!

பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி இருந்தது. ராணியாகப் போவதென்று நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன். டீச்சர் வகுப்பில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தபோது என்னைக் கேட்கவே இல்லை. "நீ மீன்காரி. உனக்குச் செலவே இல்லைம்மா, வீட்டுலயே எல்லாம் இருக்கு. அம்மா கூடையைத் தூக்கிட்டு வந்துடு" என்றார். எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார். அதுதான் இன்னும் எரிகிறது.

வீட்டுக்குப் போய் அழுதேன். வெல்வெட்டைக் கண்டாலே திட்டிக்கொண்டிருந்த அம்மா, டீச்சர் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "வேசம்னா ஆளு மாற வாணாமா? மீன்காரி பொண்ணு மீன்காரியா போனா அது இன்னா வேசம்? அத்ததான் நான் டெய்லியும் போட்டுக்கினு கீறனே!" அதோடு விடவில்லை. அப்பாவை நாங்கள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். அவரை உட்கார வைத்து, வலை முடிகிற தங்கூசி நைலான் நரம்பாலேயே வெல்வெட்டுக்குத் தோள்பட்டை தைக்கச் சொன்னாள். வளையங்களை வெட்டிவிடலாம் என்றார் நைனா. கூடவே கூடாது என்று நான் குதித்தேன். நடந்தால் அவை கிணுகிணுக்க வேண்டாமா?

விழா அன்று கேளம்பாக்கம் பஸ்ஸில் என்னால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மாசி வெயிலுக்கே துணிக்குள் வெந்துகொண்டிருந்தேன். மீன் யாவாரத்தை முடித்துக்கொண்டு காலிக் கூடையோடு நேராக வந்திருந்த அம்மா, என் வாலைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தாள். "யம்மா, வாலுக்கும் ஒரு டிக்கெட் எடுக்கணும்" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. ஆனாலும் எனக்கு வழிவிட்டது. அம்மாவுக்கும் அந்த பஸ்ஸில் தினமும் வழிவிடுவார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு. எனக்கு வழிவிட்டவர்கள் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. உதவாத துணிக்கு இருக்கிற மவுசு இதுதான் என்று பத்து வயதில் எனக்குப் புரிந்துபோனது.

பள்ளியில் டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சொன்னது என்ன, வந்து நிக்கறது என்ன" என்றார். அதற்குள் பக்கத்தில் ஒரே அழுகை. என் வகுப்பில் படித்த டாக்டர் வீட்டுப் பெண்ணுக்கு, செங்கல்பட்டிலிருந்து வாடகைக்கு வர வேண்டிய தேவதை உடை வரவில்லை. டீச்சரின் கண் அம்மாவின் கூடைமேல் விழுந்தது. "கொஞ்சம் குடுங்கம்மா, இவ மீன்காரியா போகட்டும்." நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் கையை விலக்கிவிட்டு, "பாவம், அயுவுதுடி அந்தக் கொயந்த" என்றாள். கூடையைக் கொடுத்தாள். கொடுத்ததோடு நில்லாமல், பள்ளியில் கிடைத்த ஒரு புடவையை அந்தப் பெண்ணுக்குத் தானே கெண்டைக்கால் தெரியக் கட்டிவிட்டு, தலையில் சும்மாடும் வைத்துவிட்டாள்.

நான் மேடையில் நடந்தேன். வளையங்கள் கிணுகிணுத்தன. வாலின் முனை மைக் ஒயரில் மாட்டி, மைக் 'கொய்ங்' என்று கத்தியது. சிரித்தார்கள்; சிரிக்கட்டும் என்று தலையைத் தூக்கிக்கொண்டே நடந்தேன். அப்புறம் அவள் வந்து "மீனு, மீனேய்" என்று கூவினாள். அரங்கமே எழுந்து கைதட்டியது. முதல் பரிசு அவளுக்கு. நடுவராக வந்திருந்தவர் என்னைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டி, "ராணி வேஷம் உனக்குப் பொருந்தலம்மா" என்றார்.

அந்தப் பெண்மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. அம்மாவின் கூடை பஸ்ஸில் ஏறினால் மூக்கைப் பிடித்தவர்கள், அதே கூடை இன்னொருத்தி தலையில் ஏறியதும் கைதட்டினார்களே, அவர்கள்மேல்தான் கோபம். எனக்கு ராணி பொருந்தாது, அவளுக்கு மட்டும் மீன்காரி எப்படிப் பொருந்தியது? யார் எதற்குப் பொருத்தம் என்று அளந்து தைத்து வைத்திருக்கிற தையல்காரர் யார்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். அம்மா ஒரு கையில் கூடை, ஒரு கையில் என் வாலோடு ஏறினாள். "தள்ளிக்கபா, ராணி வருதுல்ல" என்று கோவளம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த வெல்வெட் பிறகு நைனாவின் படகு எஞ்சினுக்கு உறையாகப் போய், உப்பு பூத்து, ஒரு புயலில் காணாமல் போனது. நைனாவும் இப்போது இல்லை. எனக்குச் சிறுசேரியில் வேலை, படூரில் ஃபிளாட். தரை கூட்டும் பாவாடைகளைத்தான் ஆபீசுக்குக் கட்டிக்கொண்டு போகிறேன். ஷட்டில் வண்டியில் ஏறும்போதெல்லாம் யாராவது மிதிக்கிறார்கள், மிதிக்கட்டும்.

போன வாரம் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. குழந்தைக்கு மாறுவேடப் போட்டியாம், மீன்காரி வேடமாம், அசல் மீன் கூடை யாரிடமாவது கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். எப்படிக் கிடைக்கும்? இந்தச் சாலையில் கூடை தூக்கி வந்த பெண்கள் ஒருத்தியையும் இப்போது காணோம். வாசல் செக்யூரிட்டி அவர்களை உள்ளே விடுவதில்லை, நாற்றம் அடிக்குமாம். மேடைக்கு மட்டும் வேண்டியிருக்கிறது!

முட்டி வலியால் யாவாரத்தை விட்டுவிட்டு என்னோடு இருக்கிற அம்மாவிடம் அதைக் கோபமாகப் படித்துக் காட்டினேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"பால்கனியில என் மீன் கூடையில கருவேப்பில வெச்சுகினு கீறியே, அத்ததான கேக்கறாங்க? செடிய எடுத்துட்டு குடு. பதிலுக்கு அவங்க வூட்டுல ராணி டிரெஸ் இருந்தா ஒரு நாளைக்கு கேட்டு வாங்கியா. நல்லா நீட்டா, இயுத்துக்கினு போற மாதிரி."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தாண்டி" என்றாள். "வேசம்னா ஆளு மாற வாணாமா?"