செல்லம் ஒரே நிறமான கதை

மலேசியாவில், பெக்கான் நானாஸ் ஊர் அன்னாசித் தொழிற்சாலையில் டப்பா அடுக்கும் செல்லத்துக்கு வெண்புள்ளி வந்தபோது வயது முப்பத்தொன்று. முதலில் விரல் நுனி, பிறகு உதடு, அப்புறம் கேட்பானேன்! ஐம்பதைத் தொடும்போது கன்னத்திலும் கழுத்திலும் கைகளிலும் திட்டுத் திட்டாகக் கொஞ்சம் கறுப்புதான் மிச்சம்.

ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாலும் நம் சனங்களுக்கு ஏறுமா? ஆனால் முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லிவிட மாட்டார்கள், அதிலெல்லாம் பெரிய மரியாதைக்காரர்கள். விசேஷ வீட்டில் அவள் சந்தனக் கிண்ணத்தைத் தொட்டால் போதும். "நீங்க உக்காருங்கக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்று கிண்ணம் கைமாறிவிடும். செல்லமும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்கு வந்துதான் அழுவாள்.

மகள் ரூபினிக்குக் கல்யாணம் பேசி, இரண்டு வருடம் கழித்து என்று நாள் குறித்தார்கள். செல்லத்துக்கு ஒரே ஆசைதான். தன் மகளுக்குத் தன் கையால் நலங்கு வைக்க வேண்டும், பக்கத்தில் நிற்கிற யாரும் முகம் சுளிக்கக் கூடாது.

பெர்மாஸ் ஜெயாவில் ஓர் அழகு நிலையத்தில் வெள்ளையாக்கும் கிரீம் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனாள். போன நேரம், சுகாதார அதிகாரிகள் அந்த டப்பாக்களைப் பெட்டி பெட்டியாக வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். தோல் டாக்டர் வசந்தினி அதைக் கேட்டுவிட்டுச் சத்தம் போட்டார்.

"அதுல பாதரசம் கலக்குறாங்கம்மா. கிட்னி போயிடும். உங்களுக்கு வேற மருந்து இருக்கு, மிச்சம் இருக்கிற கறுப்பையும் எடுத்துடும். ஆனா கடையில கிடைக்காது. உங்க பேருக்குன்னு தனியா அனுமதி எழுதி வாங்கணும். இன்னொண்ணு, போன நிறம் திரும்பி வராது. வீட்டுல நல்லா பேசிட்டு வந்து கையெழுத்துப் போடுங்க."

வீட்டில் கணவர் கனகராஜ், "எனக்கு நீ எப்படி இருந்தாலும் ஓகே லா" என்றார். செல்லத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு ஓகே. ஊருக்கு?" என்றாள்.

அனுமதி வர நாலு மாதம் ஆயிற்று. அதன்பின் காலையும் இரவும் பூச்சு. எரியும், அரிக்கும். துணி காயப்போடக்கூடக் குடை பிடித்துக்கொண்டு போனாள். பூசிய பிறகு கொஞ்ச நேரம் யார் மேலும் படக்கூடாது, பட்டால் அவர்கள் தோலும் வெளுக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வேலைவிட்டு வரும் ரூபினி தோளில் சாய வந்தால், "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று விரட்டுவாள். வீட்டைவிட்டுப் போகப்போகிற பெண், கடைசி ஒரு வருடம் இப்படியே போயிற்று.

கல்யாண நாளில் செல்லம் நெற்றி முதல் கால் வரை ஒரே வெள்ளை. சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். யாரும் பிடுங்கவில்லை. மகளின் கன்னத்திலும் கையிலும் சந்தனம் தடவினாள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. சாமி, இது போதும் என்றிருந்தது அவளுக்கு.

தாலி கட்டி முடிந்து குடும்பப் படம். கனகராஜ் வாசலில் யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார். செல்லம் மகள் பக்கத்தில் போய் நின்றாள். படம் எடுக்க ஜொகூர் பாருவிலிருந்து வந்திருந்த ஷாமளா என்ற பெண் கேமராவை இறக்கினாள்.

"மேடம், ஃபேமிலி ஃபர்ஸ்ட். கெஸ்ட் எல்லாம் ஆஃப்டர், ஓகே?" என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கூவினாள். "பொண்ணோட அம்மா எங்க? சீக்கிரம் வரச் சொல்லுங்க லா!"

மாப்பிள்ளை வீட்டு உறவினர்கள் மண்டபம் முழுக்கத் தேடினார்கள். செல்லத்தின் கால் தானாக ஒரு படி இறங்கியது.

"இவங்கதான் எங்கம்மா!" ரூபினி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஷாமளா கறுத்த மணப்பெண்ணைப் பார்த்தாள், வெள்ளைவெளேரென்ற செல்லத்தைப் பார்த்தாள். "அலமாக், சாரி ஆன்ட்டி! தெரியாம சொல்லிட்டேன். வளர்த்த அம்மாவா?"

"நான் பெத்த புள்ளைம்மா" என்றாள் செல்லம். நாதஸ்வரச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

அந்தப் படத்தில் அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருக்கிறாள். மகளைப் பிரிகிற வருத்தம் என்று பார்த்தவர்களெல்லாம் சொன்னார்கள்.