கரியன் கழுத்துப் புண்

நாய்ப் புண்ணுக்கு மருந்து போடும் வேலையில் நோயாளி வாயைத் திறந்தால் கடிப்பான். அவனைக் கூட்டி வருகிறவர் வாயைத் திறந்தால் அதைவிட மோசம். அநியாயம் நடந்தது கரியனுக்கு. முனியப்பண்ணனின் ஆட்டுப்பட்டிக் காவல் நாய். அதன் கழுத்துப் புண்ணில் சுண்ணாம்பை அப்பியதோடு, அடுத்த சந்தைக்குள் ஆறாவிட்டால் காட்டில் விட்டுவிடுவேன் என்று தீர்ப்பும் சொல்லியிருந்தார் அவர்.

சுண்ணாம்பு

சென்னையில் விலங்கியல் படிக்கிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக, விடுமுறைக்கு அஞ்செட்டி வந்தால் ஊர் நாயெல்லாம் என் தலையில். இதில் மாட்டியவர்களுக்கு என் பாடு தெரியும். கரியன் புண்ணைச் சுற்றி மயிரைக் கத்தரித்து, காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரால் கழுவிக்கொண்டே, சுண்ணாம்பு சதையை அரிக்கும் என்று சண்டை பிடித்தேன். அண்ணன் நிதானமாக வெற்றிலையில் அதையே தடவினார்.

“நான் தெனம் திங்கறேனே பாப்பா, என் வாயி நல்லாத்தானே பேசுது?”

காலில் துணி

பின்னங்காலால் கரியன் புண்ணைப் பிறாண்டியது. நகம் படாமல் காலுக்குப் பழந்துணி சுற்றினேன். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“காலுக்கு ஆச்சு. வேட்டி எப்போ கட்டுவே?”

காலையில் மட்டும்

மாலையில் காய்ந்திருக்கும் புண், காலையில் பச்சையாக இருக்கும். நடுவில் என்னதான் நடக்கிறது? உண்ணியா, வேறு நாயா? யோசித்துப் பார்த்து அலுத்து, ஒருநாள் பொழுது சாயும்போது பட்டிக்கே போனேன். முனியப்பண்ணன் மனைவி லட்சுமக்கா, வெளியே ஆணி நீட்டிய தோல்பட்டையைக் கரியன் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். சிறுத்தை கழுத்தைக் கவ்வாமலிருக்க இரவில் போட்டு விடியலில் கழற்றுவார்களாம். உள்பக்கத்து ஆணித்தலைகள் சரியாகப் புண்மேல் உட்கார்ந்தன. இதை ஏன் சொல்லவில்லை என்று அண்ணன்மேல் பாய்ந்தேன்.

“நீ புண்ணைப் பத்தித்தானே கேட்டே, நகையைப் பத்திக் கேக்கலியே.”

உள்ளேயா வெளியேயா

பட்டையைக் கழற்றினால் சிறுத்தை, மாட்டினால் புண். ஆறும்வரை வீட்டுக்குள் படுக்கட்டும் என்றேன். நாயை வாசற்படி தாண்ட விடுவதில்லை என்றார் அண்ணன். ஆட்டுக்குட்டி உள்ளே தூங்கலாம், அதைக் காக்கிறவன் மட்டும் ஆகாதா என்று நான் விடவில்லை. லட்சுமக்காதான் முடித்துவைத்தார்.

“கரியன் உள்ள படுக்கட்டும். பட்டையை இவரு மாட்டிக்கிட்டு வெளிய படுக்கட்டும்.”

அண்ணன் வாசலிலிருந்து நகர்ந்து வழிவிட்டார். சந்தைக்கு முன்பே புண் வறண்டு புதுமயிர் தலைகாட்டியது. இப்போதாவது என் வைத்தியத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டதற்கு அண்ணன் சொன்ன பதில், “ஆறிப்போச்சு பாப்பா. இப்போ அது வெளிய வரமாட்டேங்குது. அதுக்கு உங்க காலேஜில என்ன மருந்து?”