பாறைக்குள் விட்ட வைபிரேட்டர்

"…தண்ணியில்லாத வளவிலை மூண்டு பொம்பிளைப்பிள்ளையளை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? நீங்க இருங்கோ. நான் புத்தளத்துக்கே போறன்" என்று அந்த அக்கா சொன்னபோது, நான் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்தேன். அவா சொன்னது தன் கணவருக்கு. சுட்டது எனக்கு. வந்துகொண்டிருந்த கொஞ்ச ஊற்றையும் அப்போதுதான் நான் நிற்பாட்டியிருந்தேன்.

போர் நின்றிருந்த சமாதான காலம். பாதை திறந்ததும் அவாவின் கணவர், முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிறபடி எங்களுக்கு அவர் நானா, இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து முல்லைத்தீவுக்குத் தனியாகத் திரும்பிவந்து பழைய காணியில் கொட்டில் போட்டார். குடும்பம் வருவதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல அக்கா அன்றுதான் வந்திருந்தா.

பாறையில் வெட்டிய கிணறு அது. பாறை வெடிப்புகளால்தான் ஊற்று வரும். ஆளில்லாத வருசங்களில் சேறு இறங்கி அவற்றை அடைத்துவிட்டது. முந்தியென்றால் அடியில் வெடி வைப்பார்கள். அந்த நாட்களில் வெடிமருந்து என்ற சொல்லையே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அதனால் நானா என்னிடம் வந்தார். நான் கிணற்று வேலைக்காரன் இல்லை. கட்டடங்களில் கொங்கிறீற்றுக்குள் விட்டு அதிரவைக்கிற வைபிரேட்டர் ஓட்டுகிறவன்.

"அது ஆட்டுற ஆட்டிலை என்ரை பல்லே கழண்டுபோகும், சேறு கழராதோ?" என்றார் நானா. அந்தக் கதைக்காகவே ஓமென்றேன்.

வழக்கம்போல அதன் தலையைச் சேற்றுக்குள் நடுவாக விட்டுப் பத்து நிமிடம் ஓட்டினேன். சேறு அப்படியே படிந்து இறுகிவிட்டது. பக்கத்து வளவுக்காரர் வேலியால் எட்டிப் பார்த்து, தம்பி கொங்கிறீற் போட்டு முடித்துவிட்டார், இனித் தண்ணீர் தெளிக்கிறதுதான் மிச்சம் என்றார். அதற்கும் தண்ணீர் இல்லையே என்று நானாவே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அப்போதுதான் புத்தளத்துக்கே போறன் என்றா.

என் கைப்பழக்கம் செய்த வேலை அது. கொங்கிறீற்றில் மணலும் கல்லும் நெருங்கி இருக்கவேண்டும், ஒரு காற்றுக்குமிழிகூட மிஞ்சக்கூடாது. அதற்குத்தானே அந்த அதிர்வு. இங்கே வேண்டியது வெடிப்பைத் திறக்கிறது. அதிர்வு ஒன்றுதான். ஆனால் ஆடுகிற சேறு வெளியே போக வழியிருக்க வேணும் என்பதை நான் யோசிக்கவில்லை.

நானா மனைவியிடம் ஏதோ சமாதானம் சொல்லப் போனார். நான் அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டேன். இறுகியதை வெட்டி வாளி வாளியாக மேலே எடுத்தோம். பிறகு வைபிரேட்டர் தலையைச் சேற்றில் அல்ல, வெடிப்பின் ஓரத்தில் பாறையோடு சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். மேலே நின்று அரை நிமிடம் ஓட்டுவேன், நிற்பாட்டுவேன். கசிந்ததை அவர் அள்ளித் தருவார். திரும்பவும் ஓட்டுவேன். கிணற்றுக்கட்டில் வைத்த என் உள்ளங்கை விறுவிறுத்தது. ஐந்தாறு தடவை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வெடிப்பிலிருந்து மஞ்சள் சேறு நூலாக இறங்கியது. பிறகு விரல் தடிப்பில்.

"கால் குளிருது" என்றார் நானா உள்ளேயிருந்து.

அக்கா வந்து தானே வாளியை விட்டு அள்ளினா. மணந்து பார்த்தா, ஊற்றினா. இரண்டாவது வாளியையும் ஊற்றினா.

"கலங்கல்தானே தம்பி."

"ஓம் அக்கா. ரெண்டு மூண்டு நாள் இறைக்க வேணும்."

அவா முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு, முன்பு அடுப்பெரித்த குசினி இருந்த இடத்துக்குப் போய், அங்கே அடர்ந்திருந்த நாயுண்ணிப் பற்றையை வேரோடு பிடுங்கத் தொடங்கினா.