மூன்று முறை இழுத்தால்

மனித குலத்தின் பாதம் இதுவரை படாத கடைசி சொர்க்கம் ஒன்று இந்தப் பூமியில் மிச்சம் இருக்கிறது. அதன் பெயர் யென்மாரு.

இப்படித்தான் தொடங்கியது விடுதி முதலாளி பாக் விந்தார்த்தோ அச்சடித்துக்கொண்டு வந்த வழவழத் தாள். அந்தப் பாதம் படாத சொர்க்கத்தில் வரிசை பிடித்து நட்ட தென்னை இருநூறு இருந்தது. இடிந்த தேவாலயச் சுவர் ஒன்று, கூரை பறந்துபோன கக்கூஸ் ஒன்று, பதினொரு சிலுவைகள். தென்னை தானாக வரிசையில் நிற்காது. சிலுவை தானாக முளைக்காது. அதெல்லாம் தாளில் இல்லை.

இனி வருவது நடந்த சம்பவம். ராஜா அம்பாட் என்ற தீவுக்கூட்டத்துக் கடலில், மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நடந்தது. ஒர்பா இதை மூன்று பேரிடம் மூன்று வெவ்வேறு நாளில் சொல்லியிருக்கிறாள். ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே போகவில்லை. எப்படிப் போகும்? நேரத்தைக் குறித்துக்கொண்டது அவள் இல்லை, அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த முக்குளிப்புக் கருவி. இன்னொன்று. நடந்தது பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் கடலுக்கடியில் போய்ப் பார்த்ததில்லை.

ஒர்பாவுக்கு முப்பத்தொரு வயது. வைசாய் ஊரில் வெளிநாட்டுக்காரர்களைக் கடலடிக்குக் கூட்டிப்போவது தொழில். யென்மாரு அவள் வம்சத்துத் தீவு. பள்ளிக்கூடத்துக்காக எல்லாரும் பக்கத்துப் பெரிய தீவுக்குக் குடிபெயர்ந்து நாற்பது வருடம் ஆகிறது. செத்தவர்கள் மட்டும் இன்னும் இங்கேதான் வருகிறார்கள். பதினொன்றாவது சிலுவை அவள் தம்பி யாஃபெத்துடையது. ஒன்பது வருடம் முன்பு, இதே தீவின் வடக்குத் திட்டில், கடல் அட்டை எடுக்கப் போனவன். அப்போது இருபது வயது. எப்படிச் செத்தான் என்று கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான். "கடல் எடுத்துக்கிச்சு." கடல் என்ன கடன் வசூலிக்க வந்ததா? அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு ஒன்பது வருடமாக அவள் வயிற்றில் ஒரு கோபம் கனன்றுகொண்டே இருந்தது.

பாக் விந்தார்த்தோ, அதாவது விந்தார்த்தோ ஐயா, அந்தத் தீவில் சுற்றுலாக்காரர்களுக்குப் பன்னிரண்டு குடில் போடத் திட்டமிட்டிருந்தார். பெயர்கூட வைத்தாயிற்று: 'முதல் காலடி'. அதற்கு வம்சத்தின் கையெழுத்து வேண்டும். தீவில் யாரும் குடியிருந்ததில்லை, யாரும் பயன்படுத்தியதில்லை என்று ஒரு படிவம். வம்சத்துப் பெரியவரான ஒர்பாவின் அப்பாவுக்குக் கண்ணில் புரை. "நீ போய்ப் பாத்துட்டு வா. நீ சரின்னா போடுறேன், வேணாம்னா கிழிச்சுடுறேன்" என்று சொல்லிவிட்டார். ஆக, பதினொரு பேர் படுத்திருக்கும் இடம் இப்போது ஒர்பாவின் ஒரு சொல்லில் தொங்கியது.

காலையில் கரையிறங்கியதும் பாக் விந்தார்த்தோ நேராகச் சிலுவைகளுக்கு நடுவில் போய் நின்றார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் தட்டு அளவு முக்குளிப்புக் கடிகாரம்.

"அஸ்தமனம் இங்கேருந்துதான் பிரமாதமா தெரியும். மது விடுதி இங்கேதான் வரணும்."

"இது எங்க கல்லறை, பாக்."

"தெரியும்மா. மரியாதையா நகர்த்திக்கலாம். பூவெல்லாம் வெச்சு."

படகோட்டி ஓபெத், ஒர்பாவுக்குத் தாய்மாமன். வாயில் இருந்த பாக்குச் சாற்றை ஓரமாகத் துப்பினான். "உங்க தாத்தாவ எங்க நகர்த்தினீங்க பாக்? அங்கேயும் மது விடுதிதானா?"

பாக் விந்தார்த்தோ சிரித்தார். பெரிய மனிதர்கள் எதற்கும் சிரிப்பார்கள்.

ஒர்பா அப்போதே படிவத்தைக் கிழித்திருக்கலாம். கிழிக்காததற்கு ஒரே காரணம் வடக்குத் திட்டு. விருந்தாளிகள் முக்குளிக்க அது தோதான இடமா என்று இறங்கிப் பார்த்துச் சொல்வதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. தம்பி போன இடத்தை ஒரு தடவையாவது தன் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் இந்த மனிதரோடு ஒரே படகில் ஏறினாள்.

பகல் 1.52. படகு வடக்குத் திட்டில் நங்கூரம் போட்டது. ஓபெத் ஒரு பாக்கையும் ஒரு சிகரெட்டையும் தண்ணீரில் போட்டான். அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான்.

"யாஃபெத், நாங்கதான்டா. அக்கா வந்திருக்கா. விளையாடாத."

"சிகரெட் முனையில பிளாஸ்டிக் இருக்கு" என்றார் பாக் விந்தார்த்தோ. "கடல் மாசுபடும்."

அவரும் ஒர்பாவும் சேர்ந்து இறங்குவதாக ஏற்பாடு. ஜோடி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. ஆனால் உடுப்பைப் பாதி மாட்டியபின் அவர் காதைப் பிடித்துக்கொண்டார்.

"அழுத்தம் ஒத்துக்காது இன்னிக்கு. நீ போயிட்டு வா."

"போன மாசம் பல்லு வலி. இந்த மாசம் காது வலி" என்றான் ஓபெத். "தாள்ல உள்ள போட்டோல மட்டும் முழு வேஷம். தலைமுடி கூட நனையல."

ஒர்பாவுக்கு இருந்த கோபத்தில் விதியும் நினைவில்லை, பயமும் இல்லை. தனியாகவே இறங்கினாள்.

2.07.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நீரோட்டம் இல்லை. திட்டின் சரிவையொட்டிப் பதினெட்டு மீட்டர் வரை போனாள். பவளம் நன்றாகவே இருந்தது. மீன்தான் இல்லை. ஒன்றுகூட இல்லை. மீன் இல்லாத பவளப்பாறை, ஆள் இல்லாத சந்தை மாதிரி...

2.16. வாயில் வந்த காற்று சுவை மாறியது. பெட்ரோல் புகை. அவளுடைய சிலிண்டர் காலையில் அவளே நிரப்பியது. சுத்தமான காற்று. ஆனால் நாக்கில் புகை கரித்தது. கம்ப்ரசரில் முக்குளிக்கும் ஆட்கள் சுவாசிக்கும் காற்று இப்படித்தான் இருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். டயருக்குக் காற்றடிக்கும் எஞ்சினைப் படகில் வைத்து, ஒரு நீளக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். குழாயை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். யாஃபெத்தும் அப்படித்தான் இறங்கினான்.

2.19. சத்தம்.

டுக்... டுக்... டுக்... டுக்...

சின்ன எஞ்சின். மேலே இருந்து. ஓபெத் மாமா எஞ்சினை அணைத்து இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் படகில் இருப்பதோ பெரிய எஞ்சின். இது வேறு.

டுக்... டுக்... டுக்...

டுக்...

நின்றது.

2.23. அவளுக்கு இடது பக்கம், கை எட்டும் தூரத்தில், ஒரு மஞ்சள் குழாய் தொங்கியது.

ஒரு நிமிடம் முன்பு அங்கே இல்லை.

கீழே நீலத்துக்குள் போனது. முடிவு தெரியவில்லை. விறைப்பாக இருந்தது... கீழே ஏதோ கனம் இருப்பது மாதிரி.

தொட்டாள்.

குழாய் அவள் கைக்குள் வெட்டி இழுத்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது. ஒரு இழுப்பு: இன்னும் குழாய் விடு. இரண்டு: போதும். மூன்று: என்னைத் தூக்கு.

ஒன்று. இரண்டு. மூன்று.

இன்னும் வேகமாக.

ஒன்று இரண்டு மூன்று.

2.26. கீழே போகவா, மேலே போகவா? மேலே போனாள். குழாயைப் பிடித்தபடியே. இந்தப் பக்கம் ஒருவன் இப்படி இழுக்கிறான் என்றால், அந்தப் பக்கம் பிடித்திருக்கிறவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்?

2.29. நான்கு மீட்டர் ஆழம்.

குழாய் அங்கே மாட்டியிருந்தது. மான்கொம்புப் பவளத்தின் கவட்டில். ஒரு சின்னக் கவட்டில். அதற்கு மேலே குழாய் நேராக, இறுக்கமாக, அவர்களுடைய படகின் அடிவயிற்றுக்குப் போனது.

மேலே யாரோ இழுக்கிறார்கள்.

கீழே யாரோ இழுக்கிறார்கள்.

நடுவில் ஒரு விரல் தடிமன் பவளம்.

கத்தியை எடுத்தாள். நெம்பினாள்.

டக்.

குழாய் விடுபட்டது. சரசரவென்று மேலே ஓடியது.

பின்னாலேயே, கீழிருந்து...

குமிழிகள்.

அவளுடையவை அல்ல. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குளிர்ந்த ஏதோ ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு மேலே போனது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

2.31. மேலே வந்தாள். குழாய் இல்லை. கம்ப்ரசர் இல்லை. கடல் பளபளவென்று சும்மா கிடந்தது. ஓபெத் படகின் பின்பக்கம் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தான். வாய்ப் பாக்கு தாடை வழியே ஒழுகியது. துடைக்கவில்லை.

"மாமா, என்ன ஆச்சு?"

அவன் விரலை மட்டும் நீட்டினான்.

பாக் விந்தார்த்தோ படகின் முன்பக்கம் மண்டி போட்டிருந்தார். தொப்பி எங்கோ விழுந்திருந்தது. இரண்டு கையும் மடியில் மல்லாந்து கிடந்தன. உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வெள்ளைச் சட்டையில் சொட்டியது.

"வெறும் காத்த இழுத்தாரு" என்றான் ஓபெத். "பத்து நிமிஷம். வெறும் கையால. அழுதுக்கிட்டே இழுத்தாரு, ஒர்பா. கடைசியில மல்லாக்க விழுந்தாரு."

பாக் விந்தார்த்தோ அவளைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தார்.

"மூணு தடவ... மூணு தடவ இழுக்கறான். வர மாட்டேங்குது..."

ஒர்பா படகின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றாள்.

"மூணு தடவ இழுத்தா என்ன அர்த்தம்னு உங்களுக்கு யாரு சொன்னா, பாக்?"

அவர் மறுநாள் கப்பலிலேயே சோரோங் நகரத்துக்குப் போய்விட்டார். போகும்போது காதைப் பிடித்துக்கொள்ள மறந்துவிட்டார்.

ஒர்பா படிவத்தைக் கிழிக்கவில்லை. நிரப்பினாள். 'தீவில் குடியிருப்போர்' என்ற இடத்தில் பதினொரு பேர் என்று எழுதி, பதினொரு பெயரும் எழுதி, தம்பி பெயரைக் கடைசியில் கொட்டை எழுத்தில் எழுதி, அப்பாவிடம் படித்துக் காட்டினாள். அப்பா கையெழுத்தைத் தடவித் தடவிப் போட்டார். அதைப் பாக் விந்தார்த்தோவின் அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். பதில் இல்லை. மிச்சமான வழவழத் தாளில் இன்றைக்கும் வைசாய்ச் சந்தையில் பாக்கு மடித்துக் கொடுக்கிறார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒர்பா சோரோங் போனாள். யாஃபெத் செத்த அன்று அவனோடு இன்னொரு குழாயில் இறங்கியவன் மெலியானுஸ். வேகமாக மேலே வந்ததில் இரண்டு காலும் விளங்காமல் போய், துறைமுகத்துக்குப் பின்னால் மண்ணெண்ணெய் விற்றுக்கொண்டிருந்தான். ஒன்பது வருடம் வாய் திறக்காதவன். அவள் வழவழத் தாளை எடுத்து அவன் முன் வைத்தாள்.

அவன் அதில் இருந்த பாக் விந்தார்த்தோ போட்டோவைப் பார்த்தான்.

"குண்டாயிட்டான்" என்றான்.

"இவர உங்களுக்குத் தெரியுமா, அண்ணே?"

"அட்ட வாங்கற வியாபாரியோட ஆளு. அப்ப ஒல்லியா இருப்பான். குழாயப் பிடிக்கற எங்க பையன் காய்ச்சல்னு வரல. 'நான் பாத்துக்கறேன், இது என்ன பெரிய வித்தையா'ன்னு இவன் வந்து உக்காந்தான்." மெலியானுஸ் தாளைக் குப்புறத் திருப்பி வைத்தான். "எஞ்சின் அணைஞ்சு போச்சு, தங்கச்சி. உன் தம்பி முப்பது மீட்டர்ல. மூணு தடவ இழுத்தான். இவனும் இழுத்தான், பொய் சொல்லக் கூடாது. கை கிழிய இழுத்தான். குழா பவளத்துல மாட்டிக்கிச்சு. நான் மேல வந்தப்போ கால் செத்துப் போச்சு. படகப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறேன், 'குதிடா, நாலு மீட்டர்தான், போய் எடுத்து விடுடா'ன்னு. நின்னுக்கிட்டே இருந்தான்."

"ஏன் குதிக்கல?"

மெலியானுஸ் அவளைப் பார்த்தான். அப்புறம் சொன்னான்.

பாக் விந்தார்த்தோவுக்கு நீச்சல் தெரியாது.