ஆரஞ்சுச் சட்டை எட்டுப் பேர்

எனக்குத் தலைக்கனம் ஏறுவதற்கு ஐந்து நாள்தான் தேவைப்பட்டது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. தம்போயில் நான் படித்த இடைநிலைப்பள்ளியின் கேடட் குழுவில் நாங்கள் நாற்பது பேர். புதன்கிழமை மதியம் திடலில் அணிவகுத்து நடப்போம், வெயிலில் நிற்போம், தண்ணீர் போத்தலால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வோம். அவ்வளவுதான் எங்கள் வீரம். அந்த நாற்பது பேரில் எட்டுப் பேரைப் பொறுக்கி, செடெனாக் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். காணாமல் போனவர்களைத் தேடி மீட்கும் ஐந்து நாள் சிறப்புப் பயிற்சி. எட்டில் நானும் ஒருத்தி.

பயிற்சி நிஜமாகவே நன்றாக இருந்தது. கயிற்றில் ஆறு விதமான முடிச்சுப் போடக் கற்றோம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் வரிசையாக நின்று, செம்பனை மரங்களுக்கு நடுவே அடிமேல் அடி வைத்துத் தேடினோம். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் நட, மூன்று என்றால் ஆள் கிடைத்துவிட்டார். அட்டைகள் எங்கள் காலுறைக்குள் குடித்தனம் நடத்தின. கடைசி நாள் ஆளுக்கொரு ஆரஞ்சு நிற டீ-சட்டை கொடுத்தார்கள். முதுகில் ‘மீட்புக் குழு’ என்று மலாயில் பெரிய எழுத்து. எங்கள் புத்தி கெட்டது அந்தச் சட்டையால்தான் என்று நான் இன்றுவரை சாதிக்கிறேன். ஏற்கெனவே உள்ளே இருந்த திமிருக்கு அது வெறும் உறைதான் என்கிறார் என் கணவர். அவர் அப்போது என்னைப் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் சொல்வார்.

புதன்கிழமை மட்டும் போடவேண்டிய சட்டை அது. நாங்கள் டியூஷனுக்குப் போட்டோம், பல் டாக்டரிடம் போகும்போது போட்டோம். எங்களில் ஒருவன் தன் அக்கா கல்யாணத்துக்கு அதை வெள்ளை ஜிப்பாவுக்கு உள்ளே போட்டுக்கொண்டு போனான். பந்தியில் குனிந்து பரிமாறும்போது முதுகு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. தெரியவேண்டும் என்பதற்காகத்தான் அவன் பரிமாறவே வந்தான்.

மற்ற முப்பத்திரண்டு பேருக்கும் ‘அவாம்’ என்று பெயர் வைத்தோம். மலாயில் பொதுமக்கள் என்று பொருள். வெள்ளம் வந்தால் படகில் ஏற்றிக் காப்பாற்றப்பட வேண்டியவர்கள். போன மாதம்வரை அதே வரிசையில் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று நாங்களும் வியர்வை துடைத்தோம் என்பது எங்களுக்கு மறந்தே போய்விட்டது.

அந்த அவாமில் என் தோழியும் இருந்தாள். எங்கள் தாமான் குடியிருப்பில் என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. ஒரே பள்ளி வேன், ஒரே வகுப்பு, கேண்டீனில் ஒரே பொட்டலம் நாசி லெமாக். முட்டை அவளுக்கு, நெத்திலி எனக்கு. பயிற்சிக்கு ஆள் பொறுக்கிய ஓட்டத்தில் அவள் கடைசியாக, சிரித்துக்கொண்டே நடந்து வந்தாள். “எனக்கு இதெல்லாம் ஒத்துவராதுடி. நீ போய்ட்டு வந்து கதை சொல்லு, போதும்” என்றாள். பொறாமை என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது.

நான் கதை சொல்லவில்லை. திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை, கேண்டீனில் காற்றாடிக்குக் கீழே இருந்த நல்ல மேசையை எட்டுப் பேரும் பிடித்துக்கொண்டோம். அவள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டுப் பேரும் பேச்சை நிறுத்தினோம். யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் பழியை அவர்கள்மேல் போட்டிருப்பேன். சொன்னது நான்தான்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் போய் உக்காருடி. டீம் மீட்டிங் ஓடுது.”

அவள் என்னையும் மற்ற ஏழு பேரையும் பார்த்தாள். “ஓ, சரி” என்று எழுந்து போனாள். பொட்டலத்தை மறந்து மேசையிலேயே விட்டுவிட்டாள். அந்த மாபெரும் மீட்டிங்கில் நாங்கள் விவாதித்தது, ஆரஞ்சுச் சட்டையை வெந்நீரில் துவைத்தால் சாயம் போகுமா போகாதா என்பதை.

மறுநாளிலிருந்து வேனில் அவள் முன்னால் வேன் ஓட்டும் ஆன்ட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால். மூன்று வாரம் இப்படியே ஓடியது. எனக்கு அவள் இல்லாமல் எதுவும் சரியாக இல்லை. கணக்குப் பாடத்தில் சிரிப்பு வந்தால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. காற்றாடிக்குக் கீழே காற்று நன்றாகத்தான் வந்தது, சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவளே வந்து பேசட்டும், நான் மீட்புக் குழு என்று இருந்தேன். இவ்வளவு மடத்தனமாக ஒரு மனுஷி இருக்கமுடியுமா என்று இப்போது நினைத்தால் எனக்கே என்னை நாலு சாத்து சாத்தலாம் போல இருக்கிறது.

அப்போதுதான் பெற்றோர்களைப் பள்ளிக்கு அழைக்கும் சனிக்கிழமை வந்தது. எட்டுப் பேரும் எல்லார் முன்னாலும் தேடி மீட்டுக் காட்டவேண்டும். காணாமல் போய் மயங்கிக் கிடப்பவராக நடிக்க, கேடட் பொறுப்பு டீச்சர் என் தோழியைப் பிடித்துப் போட்டார். விவரம் சொல்லும் வேலை எனக்கு. மூன்று வாரத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்:

“ஸ்டோருக்குப் பின்னால ரம்புத்தான் மரத்துக்கு அடியில படுத்துக்கணும். நீ மயக்கத்துல இருக்க. நாங்க வந்து தொடுற வரைக்கும் கண்ணத் திறக்கக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது.”

“சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

திடலின் ஓரம் முழுக்க மஞ்சள் டேப் கட்டினோம். மீதி முப்பத்தொரு கேடட்டுகளும் டேப்புக்கு வெளியே நிற்கவேண்டும், உள்ளே ஆரஞ்சுச் சட்டை மட்டும். கூடாரத்தில் பெற்றோர்கள் பாண்டான் நீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மா முன்வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். நாங்கள் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நுழையும்போது, டேப்புக்கு வெளியே நின்ற ஒருத்தி என்னைப் பார்த்து ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். நான் உள்ளங்கையைக் காட்டி அவளை நிறுத்தினேன். போக்குவரத்துப் போலீஸ் தோற்றுப்போகும், அப்படியொரு மிடுக்கு.

வரிசை கட்டி, விசில் அடித்து, அழகாக நடந்து ரம்புத்தான் மரத்தடிக்குப் போனோம். அங்கே ஆள் இல்லை.

சரி, பக்கத்தில் எங்காவது இருப்பாள் என்று திரும்பவும் வரிசை கட்டினோம். ஒரு விசில், இரண்டு விசில். மூன்றாவது விசிலுக்கு வேலையே வரவில்லை. மைக் பிடித்திருந்த கணக்கு ஆசிரியர், குழு மிகுந்த கவனத்துடன் தேடுகிறது என்று அறிவித்தார். கொஞ்ச நேரம் கழித்து, குழு இன்னும் மிகுந்த கவனத்துடன் தேடுகிறது என்றார். இருபது நிமிடம் ஆனதும் அவரும் ஒரு டம்ளர் பாண்டான் நீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூடாரத்தில் சிரிப்பு ஆரம்பித்தது. “பசிக்குதுன்னு வீட்டுக்குப் போயிருக்கும் லா அந்தப் பிள்ள” என்று யாரோ ஓர் அப்பா கத்தினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டோருக்கு அந்தப் பக்கம் வேலி பிய்ந்திருக்கும், வேலிக்கு அடுத்து பெரிய வாய்க்கால். முந்தின நாள் மழையில் தண்ணீர் இடுப்பளவுக்குச் சேறாக ஓடிக்கொண்டிருந்தது. கோபத்தில் வேலிப் பக்கம் போனாளா, வழுக்கி விழுந்தாளா என்று மனம் கண்டதையும் நினைத்தது. வரிசையை விட்டு ஓடினேன். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. திரும்பத் திரும்பக் கத்தினேன், எப்போது அழ ஆரம்பித்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. எங்கள் தலைவன் ஒரு விசில் அடித்து என்னை நிற்கச் சொன்னான். நான் நிற்கவில்லை.

ஓடிப்போய் டேப்பைப் பிடித்துக்கொண்டு, வெளியே நின்றவர்களிடம் கேட்டேன். “அவ எங்க? யாராச்சும் பார்த்தீங்களா?”

முப்பத்தொரு பேரும் ஒரே திசையில் கையை நீட்டினார்கள். புல் வெட்டும் மெஷின் வைத்திருக்கும் கொட்டகை.

“மரத்தடியில ஒரே கெரெங்கா எறும்பு. கடி தாங்காம அங்க போய்ப் படுக்கிறேன், அவங்ககிட்ட சொல்லிடுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா” என்றாள், முதலில் கை தூக்கியவள். “சொல்ல வந்தேன். நீதான் கையக் காட்டி நிப்பாட்டின.”

ஒருவர் காணாமல் போனால் காட்டுக்குள் கால் வைக்கும் முன்னால், அவரைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்கவேண்டும். பயிற்சியின் முதல் நாள் முதல் மணி நேரத்தில் சொல்லித்தந்த பாடம் அதுதான். எட்டுப் பேரும் குறிப்பு எழுதியிருந்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. அவாமுக்கு என்ன தெரியும்!

கொட்டகைக்குள் பெட்ரோல் வாடையும் வெட்டிய புல் வாடையும் கலந்து அடித்தது. விரித்த அட்டைப் பெட்டியின்மேல் அவள் மல்லாந்து படுத்திருந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. முழங்காலுக்குக் கீழே எறும்பு கடித்துச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. நான் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டேன். கண் திறந்தாள்.

“மன்னிச்சுக்கடி” என்றேன். மூன்று வாரம் வராத வார்த்தை, மூக்கு ஒழுகிக்கொண்டே வந்தது. “அன்னிக்கு நீ சாப்பிட வந்தப்ப நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. தப்பு என்மேலதான்.”

அவள் எழுந்து உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டாள். எனக்குப் பயத்தோடு கோபமும் சேர்ந்துகொண்டது.

“நான் கத்தினது கேக்கலியா உனக்கு?”

“கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் லா பதில் சொல்லல? செத்தே போய்ட்டேன் தெரியுமா!”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் சிவந்துவிட்டது.

“மொதல்ல கூப்பிட்டப்பவே எழுந்து வரலாம்னுதான் இருந்தேன்” என்றாள். “அப்புறம் நீ அழுதுக்கிட்டே கூப்பிட்ட. எனக்காக இவ அழுறாளேன்னு சந்தோஷமா போச்சுடி. இன்னும் கொஞ்ச நேரம் கேக்கலாம்னு அப்படியே படுத்துட்டேன்.”