பூனை சட்டியை மறந்த மாதம்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அஞ்சாம் வகுப்போடு சரி. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ரேஷன் கடையில் போட்ட கையெழுத்துத்தான். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லியிருப்பேன், சிலதை மறந்தே போயிருப்பேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். விருதுநகரில் நானும் வீட்டுக்காரரும் ஒரு பூனையும் இருந்தோம். அவருக்கு மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் எடை போடுகிற வேலை. சாயங்காலம் வந்தால் சட்டையை நான்தான் உதறிக் கொடியில் போடுவேன். கல்யாணமான புதிதில் அதை உதறி ஒரு மாதம் தும்மினேன். பிறகு நின்றுபோனது.

ஒரே மகளைத் திருத்தங்கலில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குப் பட்டாசுப் பெட்டி லேபிள் அடிக்கிற அச்சாபீசில் வேலை. மகள் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். தீபாவளி சீசனில் மாப்பிள்ளைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் கார்த்திகையில் வளைகாப்பு போட்டு, அன்றைக்கே பேறுகாலத்துக்கு இங்கே கூட்டிவருவது என்று பேசிவைத்திருந்தோம்.

பூனை செவலைக் கடுவன். குட்டியாக ஒரு மழையில் வந்து ஏறியது. கொத்தனார் விட்டுப்போன சாந்துச் சட்டி ஒன்று கொல்லையில் தாழ்வாரத்துக்குக் கீழே கிடந்தது. அதில் மணலைப் போட்டு, மூன்று நாள் குட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் விட்டேன். நாலாம் நாள் அதுவே போய்ப் பறித்து, இருந்து, மூடிவிட்டு வந்தது. நாலு வருஷம் ஒரு நாள் தப்பியதில்லை. மனுசப் பிள்ளைக்குக்கூட அம்புட்டு ஒழுக்கம் வராது என்று எனக்குள் ஒரு பெருமை. வெளியே சொல்லமாட்டேன். எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலையில் வீட்டுக்காரர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். போட்ட வேகத்தில் கீழே எறிந்தார். ஈரம். நாற்றம்.

“உம் பூனை மோண்டு வச்சிருக்கு.”

மழைக்குப் பயந்து செய்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் பாயில். அதற்கு மறுநாள் தலையணையில். தேடித் தேடி மெத்து மெத்தென்று இருக்கிற துணிமேல்தான். சட்டிப் பக்கம் போகும், நிற்கும், முன்னங்காலைத் தூக்கி உதறும், திரும்பி வந்துவிடும்.

அதிலிருந்து எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. அரிசி களையும்போது எழுந்து போய் மூலையை மோந்து பார்ப்பேன். பினாயில் போட்டுத் துடைத்த இடத்தை மறுபடி குனிந்து மோந்து பார்ப்பேன். எங்கே நாறுகிறது, எங்கே நாறுகிற மாதிரி இருக்கிறது என்பதே தெரியவில்லை. ஒரு நாள் நான்கு காலில் தவழ்ந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்துவிட்டாள்.

“என்னக்கா, எதத் தொலைச்சீக?”

வெட்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். “தோட்டுத் திருகாணி விழுந்துருச்சு.”

“அடக் கடவுளே, இருங்க நானும் தேடுறேன்” என்று அவளும் குனிந்துவிட்டாள். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். “அக்கா, உங்க திருகாணி நல்லாத்தான் மோண்டு வச்சிருக்கு.”

பிறகு அவளே வைத்தியமும் சொன்னாள். மோண்ட இடத்தில் மூஞ்சியை வைத்துத் தேய்த்து, ரெண்டு போடு போட்டால் மறக்காதாம். எனக்குக் கை வரவில்லை.

மாட்டாஸ்பத்திரிக்குப் பையில் போட்டு எடுத்துப்போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கடுவன் பூனைக்கு நீர் அடைத்தால் உயிருக்கே ஆபத்து, இதற்கு அடைப்பு இல்லை என்றார்.

“அது போற இடத்துல ஏதாச்சும் மாத்துனீங்களா? மணலை மாத்துனீங்களா?”

“இல்லீங்க” என்றேன். மணலை மாற்றவில்லைதான். வேறு எதையும் யோசிக்கவில்லை. டாக்டர் முன்னால் நிற்பதே எனக்குப் பெரிய பாடு. விட்டால் போதும் என்று வந்துவிட்டேன்.

மகளிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காரர் போனில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா இங்கே வந்து ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் வளைகாப்புக்கு நாள் குறிப்பேன் என்று சொல்லியனுப்பினார்கள். புதன்கிழமை வருகிறார்கள் என்று செய்தி.

“புதன்கிழமைக்குள்ள இது நிக்கணும்” என்றார் வீட்டுக்காரர். “இல்லாட்டி பூனை இங்கன இருக்காது. பிள்ளை தூங்குற இடத்துல இதையும் வச்சுக்கிட்டு இருக்க முடியாது.”

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு எதிர்த்துப் பேச வழியில்லாமல் போனது.

செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டியைத் திறந்துவைத்திருந்தேன். வரப்போகிற பிள்ளைக்குத் தொட்டில் கட்ட என்று என் பழைய நூல்சேலைகளில் நைந்து மெத்தென்று ஆனதாகப் பார்த்து வெந்நீரில் துவைத்து மடித்து வைத்தது அதில் இருந்தது. அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் பூனை அதன்மேல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே மோண்டது. விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்து முதுகில் ஒரு அடி வைத்தேன். கத்தவில்லை. அடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பாதத்தை நக்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். பையை எடுத்து, அதைப் போட்டு, வாயைக் கட்டி, சைக்கிளில் மாட்டினார். “கிட்டங்கியில எலி சாக்கைக் கடிக்குது. அங்கன விட்டுருதேன். ராசா மாதிரி இருக்கும்” என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை சம்பந்தியம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வாசலில் நின்றே மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள்.

“பூனை எங்க மதினி?”

“அனுப்பியாச்சு மதினி.”

“நல்லது. கால் கழுவணும், தண்ணி எங்கன இருக்கு?”

கொல்லைக்குக் கூட்டிப்போனேன். காலைக் கழுவிவிட்டு, ஈரக்காலோடு அங்கே விரித்திருந்த சாக்கில் நின்று நன்றாகத் தேய்த்தார்கள். அவ்வளவுதான். ஒரு தும்மல். இரண்டு. விடாமல் ஏழெட்டு. கண்ணைக் கசக்கினார்கள், அதற்குப் பிறகு கண்ணையே திறக்க முடியவில்லை.

“என்ன மதினி இது! காலு எரியுதே. பித்தவெடிப்புல நெருப்பா எரியுதே!”

சொம்பு சொம்பாக ஊற்றினேன். “ஏது இந்தச் சாக்கு?” என்றார்கள்.

“கிட்டங்கியில இருந்து அவுக கொண்டுவந்தது. வத்தல் சாக்கு. நல்லா உதறிட்டுத்தான் விரிச்சேன்.”

“உதறுனீகளா? நெடி அடிக்கல உங்களுக்கு? உங்க மூக்கு செத்தே போச்சு மதினி! பூனை இருந்தா என்ன, போனா என்ன, பச்சப்பிள்ளை இந்த நெடியில எப்படிக் கிடக்கும்?”

நான் அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கிடந்தது பூனைச் சட்டிக்கு முன்னால். பூனை மணலைக் காலில் அப்பிக்கொண்டு வந்து வீட்டுக்குள் இழுக்கிறதே, மகள் வரும்போது வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று நான்தான் விரித்தேன். விரித்த மறுநாள்தான் துண்டு நனைந்தது. மழை ஈரத்தில் சாக்கு நனைய நனையக் காரம் இறங்கியிருக்கும். அதை மிதிக்காமல் சட்டிக்குப் போக வழி கிடையாது. மிதித்த காலைப் பூனை நாக்கால்தான் துடைக்கும். டாக்டர் கேட்டார், நான் இல்லை என்று சொன்னேன்.

ஒரு சாக்கு தாங்காமல் துடித்ததை, சாக்கு மலைக்கு நடுவில் கொண்டுபோய் விட்டிருக்கிறோம்.

காப்பி போட்டேன். ஆற்றினேன். ஆற்றிக்கொண்டே நின்றேன். சம்பந்தியம்மா மோரில் நனைத்த துணியைக் காலில் சுற்றிக்கொண்டு, ஈரத்துண்டால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, “மதினி, ஒரு எட்டு கிட்டங்கி வரைக்கும் போயிட்டு வந்துருதேன்” என்றேன்.

“இப்பவா? என்னைய இங்கன ஒத்தையில விட்டுட்டா?”

பதில் சொல்ல நிற்கவில்லை. சம்பந்தியைக் குருடாக உட்காரவைத்துவிட்டு வீட்டைவிட்டு ஓடிய பொம்பளை எங்கள் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அத்தனை வருஷத்தில் கிட்டங்கிக்குள் நான் கால் வைத்ததில்லை. சோற்றுச் சட்டியைக்கூட வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். லோடு இறக்குகிறவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“ஏலே, அண்ணாச்சி வீட்டு அக்கா வந்திருக்காக! என்னக்கா, அதுக்குள்ள சோறா?”

“பூனை” என்றேன்.

“அதுவா? நேத்து அண்ணாச்சி அதையும் தராசுல வச்சுட்டாக. மூணு கிலோ, சாக்கு கழிச்சு!” எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் சிரிக்காமல், “அந்த அடுக்குக்குப் பின்னால கிடக்கும்மா. நேத்துல இருந்து தும்முது. வெளிய வரல” என்றார்.

நான் கூரை வரைக்கும் இருந்த மூட்டைகளுக்கு முன்னால் போய் நின்றேன். அங்கேகூட எனக்கு ஒரு தும்மல் வரவில்லை. “பூசு” என்று கூப்பிட்டேன். எனக்கே கேட்கவில்லை. தராசுப் பக்கமிருந்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். “என்ன, என்ன ஆச்சு?” அவரைப் பார்க்காமல் தொண்டையைத் திறந்து, “பூசு! பூசு! ஏ பூசு!” என்று கத்தினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

கண் இரண்டும் ஒட்டிப்போய், மூக்கு ஒழுக வந்தது. என்னை அடையாளம் தெரிந்துதான் வந்ததா, சத்தத்துக்கு வந்ததா, தெரியாது. அடித்த கைக்குள்தான் வந்து விழுந்தது. முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

“சம்பந்தி வந்தாச்சா?” என்றார் வீட்டுக்காரர்.

“வந்தாச்சு. ஒத்தையில உக்காந்திருக்காக.”

“அடிப்பாவி!”

வீட்டுக்கு வந்து பூனையின் கண்ணையும் பாதத்தையும் கழுவினேன். சம்பந்தியம்மா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். “இதுக்கும் எரிஞ்சிருக்கும்ல, பாவம்” என்றார்கள். சாக்கு அன்றைக்கே கிட்டங்கிக்குத் திரும்பிப் போனது. சட்டியைத் தேய்த்துப் புது மணல் போட்டேன். வீட்டுக்காரர் கொல்லைப்புறமாக வந்து, உடுப்பைக் கழற்றிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சம்பந்தியம்மா சட்டம் போட்டு, அதற்குப் பிறகே வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். “கொல்லை பூனைக்கா எனக்கா?” என்று முணுமுணுத்தார். “ரெண்டு பேருக்கும்தான்” என்றேன்.

இரண்டு நாள் பூனை சட்டிப் பக்கம் போகவில்லை. கிழிந்த சேலை ஒன்றை அதற்கென்றே போட்டுவிட்டு, பின்னாலேயே அலைந்தேன். மூன்றாம் நாள் சட்டிக்குப் பக்கத்தில் நின்றது. ஒரு காலை வைத்தது, எடுத்தது. நக்கிப் பார்த்தது. பிறகு ஏறிப் பறித்தது. நான் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அது மூடிவிட்டு வந்த பிறகுதான் தொட்டில் சேலையை மறுபடி வெந்நீரில் போட்டேன். மகள் வந்து இறங்கியபோது பூனை வீட்டில்தான் இருந்தது.

மகளே, இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லு. உன் மாமியார் வந்தது புதனா வியாழனா என்று அவர்களிடமே கேளு. பூனையைப் பையில் போட்டது உன் அப்பாவுக்கு ஞாபகமில்லை, கூடை என்கிறார். மாட்டு டாக்டர் யாரையாவது தெரிந்தால், காரணம் சாக்குதானா, வேறு ஏதும் நோவு இருந்திருக்குமா என்றும் கேட்டுவை. நான் நினைத்தது தப்பென்றால் அந்த இடத்தை அடித்துவிடு. விளக்குமாற்றால் அடித்ததை மட்டும் அடிக்காதே, அது இருக்கட்டும்.