டொக்கு அக்கா

எங்கள் அச்சகத்தில் அவரை 'டொக்கு அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். ஆங்கிலப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவர். மூலப்படியை அவர் சத்தமாக வாசிக்க, எதிரே உட்கார்ந்து அச்சுப்படியைத் திருத்துவது அவருடைய சொந்த அண்ணன். இரண்டு சொல்லைச் சேர்க்கும் சின்னக் கோடான ஹைஃபன் வரும் இடத்தை அக்கா வாயால் சொல்லமாட்டார். மேசையில் விரலால் ஒரு தட்டு, டொக். பக்கத்து மேசையில் பக்கம் அமைக்கும் எனக்கு இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஹைஃபன் விஷயத்தில் எந்த எழுத்தாளர் மல்லுக்கு நின்றாலும் அக்கா அசையமாட்டார். "'வெல்-நோன் டாக்டர்'னு பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வந்தா ரெண்டும் கைகோத்துத்தான் வரணும். 'டாக்டர் இஸ் வெல் நோன்'னு பின்னாடி வந்தா அதது பாட்டுக்குப் போகட்டும்" என்பார். "ஒரு கோடு விட்டுப்போனா குடியா முழுகிடப்போகுது?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்புறம் புது மேலாளர் வந்தார். தட்டுகிற சத்தம் அவருக்குத் தலைவலியாம். வாயாலேயே சொல்லச் சொன்னார். அந்த வாரம் அச்சாகி வந்த புத்தகத்தில் பதினாலு ஹைஃபன் காணோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அண்ணனுக்குக் காது போய்விட்டது. நேரே பார்த்தால் உதட்டைப் படித்தே பேசிவிடுவார். எழுத்துப்பிழையைக் கண்ணே பார்த்துக்கொள்ளும். ஆனால் தாளில் கண் இருக்கும்போது, கோடு எங்கே என்று மேசையின் அதிர்வுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறது. இது வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்.

மேலாளர் புத்தகத்தோடு வந்து, யார் தப்பு என்று கேட்டார்.

அக்கா எழுந்து, அண்ணனுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். "என் தப்புதான் சார். எங்க ஹைஃபன் வரும்னு இப்பல்லாம் எனக்குக் குழம்புது. நான் சொல்லல, அவர் போடல. இனிமே அவரே வாசிக்கட்டும், நான் எதிர்ல உக்காந்து திருத்துறேன்."

மேலாளர் சம்மதித்தார். ஆனால் ஹைஃபன் விதி தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அக்காவிடம் எழுதி வாங்கிக்கொண்டார். அக்கா கையெழுத்துப் போட்டார்.

"என்ன எழுதிக் குடுத்த?" என்றார் அண்ணன்.

அக்கா அவர் பக்கம் நன்றாகத் திரும்பி, உதடு தெரிய நிதானமாகச் சொன்னார்: "இடம் மாத்திக்கிறதுக்குண்ணே. உன் குரல்தான் நல்லாருக்காம், சார் சொல்றாரு."